16,000 பவுண்டு ஃபிஃப்த் வீலுக்கு முக்கால் டன் ட்ரக் போதுமா?

கேள்வி இதுதான். டாலஸ் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவர் ரேம் 2500 டீசல் வைத்திருக்கிறார், முக்கால் டன் என்று சொல்லும் ரக ட்ரக். நான்கு கதவு, பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி, அதாவது பெட், ஆறடி நான்கு அங்குலம். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கோடை விடுமுறை முழுக்க ஊர் சுற்ற ஆசை. படுக்கை, சமையலறையோடு வீடுபோல இருக்கும் 38 அடி நீள ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் ஒன்றைப் பார்த்திருக்கிறார், வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. காலியாக 13,000 பவுண்டு, சாமான் ஏற்றினால் 16,000 வரை போகலாம். விற்பவர், "உங்கள் ட்ரக் 20,000 பவுண்டு இழுக்கும் சார், இதெல்லாம் ஒரு விஷயமா?" என்கிறார். ஆனால் ட்ரக்கின் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 2,180 பவுண்டு என்று ஓர் எண் இருக்கிறது. அது எதற்கு என்று புரியவில்லை, வாங்கலாமா என்று கேட்கிறார்.

இந்த ட்ரக்கை வைத்துக்கொண்டு இந்த ட்ரெய்லரை வாங்காதீர்கள். விற்பவர் சொன்ன 20,000 பொய்யில்லை. உங்கள் ட்ரக் அதை இழுக்கும், சந்தேகமே வேண்டாம். ஆனால் சுமக்காது. நீங்கள் புரியவில்லை என்று விட்ட அந்த 2,180-தான் இதில் உங்களுக்கு வேண்டிய எண்.

இழுப்பதற்கும் சுமப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஊரில் மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். மூட்டையை முன்னால் தள்ளி அடுக்கினால் முன்பாரம், நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் தள்ளி அடுக்கினால் பின்பாரம், நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். வண்டிக்காரர் கொஞ்சம் முன்பாரமாகவே வைப்பார், அப்போதுதான் வண்டி ஆடாமல் போகும். மொத்தம் எத்தனை மூட்டை என்பது மாட்டின் இழுப்புச் சக்தி பற்றிய கேள்வி. அதில் கழுத்தில் எவ்வளவு உட்காருகிறது என்பது வேறு கேள்வி. வண்டிக்காரர் இரண்டையும் பார்ப்பார். ட்ரெய்லர் விற்பவர் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்.

சாதாரண ட்ரெய்லரை ட்ரக்கின் பம்பருக்குக் கீழே உள்ள பந்தில் மாட்டுகிறோம். அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம்தான் ட்ரக்கில் உட்காரும். ஃபிஃப்த் வீல் அப்படி இல்லை. சென்னைத் துறைமுகச் சாலையில் கன்டெய்னர் இழுத்துக்கொண்டு போகும் ட்ரெய்லர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள், அதே முறை. ட்ரக் பெட்டுக்குள், பின் அச்சுக்கு மேலே அல்லது ஒரு கை முன்னால், ஹிட்ச் இருக்கும். ட்ரெய்லரின் மூக்கிலிருந்து கீழே நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த இரும்பு முளையான கிங்பின் அதில் போய்ப் பூட்டிக்கொள்ளும். இங்கே ட்ரெய்லர் எடையில் 15 முதல் 25 சதவீதம் ட்ரக்கின் முதுகில் ஏறும். கணக்குப் போட 20 என்று வைத்துக்கொள்வது வழக்கம். இந்தப் பாரத்தை இங்கே எல்லோரும் 'பின் வெயிட்' என்பார்கள். தமிழில் எழுதினால் 'பின்பக்க எடை' என்று குழப்பும் என்பதால் கிங்பின் பாரம் என்றே எழுதுகிறேன்.

இவ்வளவு எடையை ட்ரக்கின் நடு முதுகில் வைப்பதால்தான் ஃபிஃப்த் வீல் அவ்வளவு சாதுவாகப் பின்னால் வருகிறது. பக்கத்தில் பெரிய லாரி ஒன்று கடந்துபோனால் பந்தில் மாட்டிய ட்ரெய்லர் வாலாட்டும், இது அநேகமாகக் கண்டுகொள்ளாது. அந்தச் சுகத்துக்கு விலை பேலோடு, அதாவது ட்ரக் தன் முதுகில் சுமக்கக்கூடிய எடை.

இப்போது உங்கள் ஸ்டிக்கருக்கு வருவோம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு பூட்டிக்கொள்ளும் தூணில், மஞ்சள் பட்டை போட்ட வெள்ளை ஸ்டிக்கர் தெரியும். டயர் காற்றழுத்தமும் அதில்தான் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அது தொழிற்சாலையை விட்டு வந்தபோது உங்கள் வண்டியில் இருந்த எஞ்சின், சன்ரூஃப், தோல் சீட் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துப் போட்ட எண். விளம்பரப் புத்தகத்தில் இருக்கும் பேலோடு, அந்த மாடலிலேயே மிக இலேசான வண்டிக்கு உரியது. உங்கள் வண்டிக்கு எது என்பதைக் கதவில்தான் பார்க்க முடியும்.

பென்சிலை எடுங்கள். நீங்கள் 180, மனைவி 150, பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து 170 என்று வைத்தால் ஆட்களுக்கே 500 பவுண்டு. ஹிட்ச் சாதாரண இரும்பு ரகம் என்றால் 200-க்கு மேல், 220 போடுங்கள். டூல் பாக்ஸ், ஐஸ் பெட்டி, பின்சீட்டில் கிடக்கும் பைகள் என்று குறைத்துப் பிடித்தாலும் 100. மொத்தம் 820. 2,180-இல் கழித்தால் 1,360. கிங்பினுக்கு மிச்சம் இவ்வளவுதான். அது 20 சதவீதம் என்றால், சாமான் ஏற்றிய நிலையில் ட்ரெய்லர் 6,800 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். நீங்கள் பார்த்திருப்பது 16,000.

20,000 என்று சொன்ன ட்ரக்குக்கு 6,800-தான் வந்தது. நீங்கள் தப்பாகக் கழிக்கவில்லை. முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது நானும் மூன்று முறை கழித்துப் பார்த்தேன்.

அப்படியென்றால் 20,000 எங்கிருந்து வந்தது? முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றியபடி இழுவை எண் போட்டுக்கொண்டிருந்தது. இப்போது ஜே2807 என்று ஒரு பொதுத் தரம் இருக்கிறது. டொயோட்டா அதை 2011 மாடல்களிலேயே எடுத்துக்கொண்டது, அமெரிக்காவின் மூன்று பெரிய கம்பெனிகளும் 2015 வாக்கில் வந்து சேர்ந்தன. கடுமையான சோதனைதான். நெவாடா எல்லையிலிருந்து அரிசோனாவுக்குள் ஏறும் டேவிஸ் டேம் மேட்டில், 11 மைலுக்கு மேல், 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏசியை முழுக்கத் திருப்பிவிட்டுப் பாரத்தோடு ஏற வேண்டும். பின்னால் பக்கத்துக்கு ஒற்றைச் சக்கரம் உள்ள ட்ரக் என்றால் வேகம் 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. இரட்டைச் சக்கரம் என்றால் 35. 12 சதவீதச் சரிவில் நின்ற இடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை கிளப்பிக் காட்டவும் வேண்டும். எஞ்சின், கியர் பாக்ஸ், ரேடியேட்டர் எல்லாம் இதில் தேறியிருக்கின்றன. ஆனால் அந்தச் சோதனையில் வண்டிக்குள் இருப்பதாக வைத்துக்கொள்வது தலா 150 பவுண்டில் இரண்டு பேரை மட்டும். உங்கள் பிள்ளைகளும் சைக்கிளும் அரிசி மூட்டையும் அந்தக் கணக்கில் கிடையாது.

டீசல்காரர்களுக்கு ஒரு கசப்பான விஷயமும் இதில் இருக்கிறது. உங்கள் ட்ரக்கில் இருக்கும் கம்மின்ஸ் எஞ்சின் ஆயிரம் பவுண்டுக்கு மேல் எடை, பெட்ரோல் எஞ்சினைவிடப் பல நூறு பவுண்டு கூடுதல். ட்ரக்கின் மொத்த எடை வரம்போ உங்களுடையது போன்ற பல முக்கால் டன் வண்டிகளில் 10,000-ஐ ஒட்டி நிற்கிறது. ஆக எஞ்சின் எவ்வளவு கனக்கிறதோ அவ்வளவு பேலோடு போச்சு. அதே 2500-ஐப் பெட்ரோல் எஞ்சினோடு வாங்கியவரின் கதவில் 3,000 பவுண்டு என்றுகூட இருக்கும். அவரால் அதிகம் சுமக்க முடியும், மலை ஏறும்போது முக்குவார். நீங்கள் மலையைப் பறந்து ஏறுவீர்கள், முதுகில் அதிகம் வைக்க முடியாது. இழுப்பதற்கென்றே கூடுதல் காசு கொடுத்து டீசல் வாங்கியவர்கள் பலருக்கு இது தெரிவதே ட்ரெய்லர் வாங்கிய பிறகுதான்.

இனி ட்ரெய்லர் பக்கம். புத்தகத்தில் இருக்கும் 13,000 காலி எடை. அதே பக்கத்தில் கிங்பின் பாரம் 2,400 என்று போட்டிருந்தால் அதுவும் காலியாக இருக்கும்போது உள்ளதுதான். யாரும் காலி ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு விடுமுறைக்குப் போவதில்லை. அப்புறம் ஃபிஃப்த் வீலில் சாமான் வைக்கும் இடங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பெரிய அடித்தளச் சேமிப்பறை முன்பக்கம். படுக்கையறை அலமாரி கிங்பினுக்கு நேர் மேலே. வாஷிங் மெஷின் வைக்கும் இடம் அந்த அலமாரிக்குள். கேஸ் சிலிண்டர், பேட்டரி, ஜெனரேட்டர் எல்லாமே முன்னால். அங்கே ஏற்றும் ஒவ்வொரு பவுண்டிலும் பெரும்பங்கு ட்ரக்கின் முதுகில்தான் போய் இறங்கும். தண்ணீர் டேங்க் அச்சுகளுக்கு முன்னால் இருந்தால் அதுவும் சேரும். 60 கேலன் நிரப்பினால் தண்ணீர் மட்டும் 500 பவுண்டு. அதனால் காலி கிங்பின் எண்ணை மறந்துவிட்டு, ட்ரெய்லரின் உச்ச எடையில் 20 முதல் 22 சதவீதம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் 16,000-க்கு அது 3,200-லிருந்து 3,520.

இதோடு முடிந்தது என்றால் ஏன் இத்தனை பேர் முக்கால் டன் டீசலில் பெரிய ஃபிஃப்த் வீலை இழுத்துக்கொண்டு போகிறார்கள்? நியாயமான கேள்வி. அவர்கள் சொல்லும் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், அதில் பாதி உண்மை இருக்கிறது. 10,000 என்பது பொறியாளர் போட்ட எல்லை இல்லை, பதிவுக் கட்டணத்துக்கும் வகைப்பாட்டுக்கும் வசதியாகக் காகிதத்தில் போட்ட எல்லை என்பார்கள். 10,000 பவுண்டு வரை ஒரு வகுப்பு, 10,001-லிருந்து அடுத்த வகுப்பு என்பது சரிதான். 2500-க்கும் 3500-க்கும் எஞ்சின் குடும்பம் ஒன்றே, பிரேக்கும் பெரும்பாலும் ஒன்றே என்பதும் சரி. அதனால் பின் அச்சின் எல்லையையும் டயர் எல்லையையும் மட்டும் பார்த்தால் போதும் என்பது அவர்கள் கட்சி. ஒரு ஈ ரக டயர் 80 பிஎஸ்ஐ காற்றில் சுமார் 3,640 பவுண்டு தாங்கும், இரண்டு டயருக்கு 7,280. காலி ட்ரக்கின் பின் அச்சில் 3,000 சொச்சம்தான் இருக்கிறது, ஆக இன்னும் 4,000 வைக்கலாமே என்பார்கள்.

எனக்கு இது ஒப்பவில்லை. ரேமையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 முதல் 2500-இன் பின்பக்கம் சுருள்வில், 3500-இல் பட்டைவில். வேலை வேறு என்பதால்தானே வில்லை மாற்றியிருக்கிறார்கள்? டயர் தாங்கும் என்பதற்காக வில்லும் அச்சும் சேசிஸும் சேர்ந்து தாங்கும் என்று ஆகாது. அச்சுக்கென்று தனி வரம்பும் அதே கதவுத் தூணில் எழுதியிருக்கிறது, அதுவே பெரும்பாலும் டயர் எண்ணுக்கு முன்னால் தீர்ந்துவிடும். சிலர் வில்லுக்குத் துணையாகக் காற்றடைத்த ஏர்பேக் போட்டுக்கொள்கிறார்கள். பின்பக்கம் அமுங்காமல் நேராக நிற்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஸ்டிக்கர் எண் ஒரு பவுண்டுகூட ஏறாது. வேட்டியை உயர்த்திக் கட்டினால் ஆற்றில் தண்ணீர் குறையுமா?

இதையெல்லாம் நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருக்கிறோம். 2019-இல் என்னிடமும் முக்கால் டன் டீசல்தான் இருந்தது. 34 அடி ஃபிஃப்த் வீல் வாங்கினோம், உங்களுக்குச் சொன்ன அதே வசனத்தை எனக்கும் சொல்லித்தான் விற்றார்கள். முதல் நீண்ட பயணம் கொலராடோவுக்கு. விச்சிட்டா ஃபால்ஸ் தாண்டி 287-ஆம் நெடுஞ்சாலையில் அமரில்லோ நோக்கிப் போகும்போது பக்கக் காற்று. ட்ரெய்லர் ஆடவில்லை. ட்ரக்கின் பின்பக்கம்தான், ஈரச் சாக்கில் நடப்பதுபோல, டயருக்கு மேலே இடமும் வலமும் மெல்ல நெளிந்தது. இருட்டிய பிறகு எதிரே வந்தவர்கள் எல்லோரும் எனக்கு ஹை பீம் அடித்தார்கள். நான் லோ பீமில்தான் போய்க்கொண்டிருந்தேன். பின்பக்கம் அமுங்கி ட்ரக்கின் முகம் நிமிர்ந்திருந்ததால் என் விளக்கு அவர்கள் கண்ணுக்கு நேராக அடித்திருக்கிறது. அது புரிய எனக்குப் பத்து வண்டியாவது ஆயிற்று.

அமரில்லோவில் லாரிகள் நிற்கும் ட்ரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் எடைமேடை இருந்தது. ஏறினேன். இந்த மேடை மூன்று தட்டுகளாக இருக்கும். முன்சக்கரம் முதல் தட்டில், ட்ரக்கின் பின்சக்கரம் இரண்டாவதில், ட்ரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில் நிற்கும்படி வண்டியை நிறுத்த வேண்டும். கம்பத்தில் ஒரு பொத்தான், லாரிக்காரர் உயரத்தில். ஜன்னல் வழியாக எட்டவில்லை, இறங்கிப் போய் அழுத்தினேன். இப்போது போன் ஆப்பிலேயே எடை போட்டுக்கொள்ளலாம். உள்ளே போய்ச் சீட்டு வாங்கினால் முன் அச்சு 4,940, பின் அச்சு 6,480, ட்ரெய்லர் அச்சுகள் 10,860. அன்றிரவு முகாமில் ட்ரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு, குடும்பத்தை அப்படியே ட்ரக்கில் உட்கார வைத்துத் திரும்பவும் மேடைக்குப் போனேன். முன் அச்சு 4,900, பின் அச்சு 3,760.

மாட்டியிருந்தபோது ட்ரக் மட்டும் 11,420. கழற்றியபோது 8,660. வித்தியாசம் 2,760, அதுதான் கிங்பின் பாரம். ட்ரெய்லரின் முழு எடை 10,860-உம் 2,760-உம் சேர்ந்து 13,620, அதில் 2,760 என்றால் 20 சதவீதத்துக்குச் சற்று மேலே. அந்த வாய்ப்பாட்டுக் கணக்கு எவ்வளவு சரியாக விழுகிறது பாருங்கள். 10,000 பவுண்டு வரம்புள்ள ட்ரக்கில் 1,420 அதிகம். பின் அச்சின் வரம்பு 6,500, அதற்கு இன்னும் 20 பவுண்டுதான் பாக்கி. நடுவழியில் தர்பூசணி ஒன்று வாங்கிப் பின்சீட்டில் வைத்தால் அதுவும் தீர்ந்தது. முன் அச்சு எடை குறையவில்லை என்பதையும் கவனியுங்கள். ஹிட்ச் பின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் இருப்பதால் 40 பவுண்டு கூடத்தான் செய்தது.

மனைவி சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "தராசில் ஏறியது வண்டிதானே, உங்க முகம் ஏன் இப்படிப் போச்சு?" என்றாள்.

மறுநாள் தண்ணீர் டேங்கைக் காலி செய்தேன். முன்னறையில் இருந்த டூல் பெட்டி, டின் சாமான்களில் பாதியைப் பின்பக்கச் சமையல் அலமாரிக்கு மாற்றினேன். அதற்கு மேல் மாற்றவில்லை. கிங்பின் பாரத்தை 15 சதவீதத்துக்குக் கீழே கொண்டுபோனால் அது வேறு ஆபத்து, மாட்டுவண்டிக்காரருக்குத் தெரிந்த அதே பின்பாரம். 7,834 அடி உயரத்தில் இருக்கும் ரட்டோன் கணவாயை ஏறி இறங்கினோம். ஏறும்போது எஞ்சின் முணுமுணுக்கக்கூட இல்லை. மறுபக்கம் டிரினிடாட் நோக்கி இறங்கும்போது எஞ்சினை வைத்தே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் பிடித்துக்கொண்டது, கால் பிரேக்கை நான் தொட்டது நான்கைந்து முறைதான். அதாவது எஞ்சின் பக்கம் எல்லாமே நன்றாக இருந்தது. அதுதான் இதில் ஏமாற்றும் இடம். ஓட்டுகிறவருக்குச் சக்தி குறைவது தெரியும், முதுகு வளைவது தெரியாது. அந்தக் குளிர்காலத்தில் ட்ரக்கை விற்றுவிட்டுப் பின்பக்கம் நான்கு சக்கரம் உள்ள டூயலி வாங்கினேன்.

சரி, உங்களுக்கு என்ன வழி?

ட்ரக்கை மாற்ற மனமில்லை என்றால் ஃபிஃப்த் வீல் ஆசையை விட்டுவிட்டு, பந்தில் மாட்டும் ட்ரெய்லருக்குப் போங்கள். ஆட்களும் பைகளும் 600, எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் 100 என்று கழித்தாலும் 1,480 மிஞ்சும். 13 சதவீதம் என்று வைத்தால் 11,000 சொச்சம் வருகிறது. நான் அவ்வளவு போக மாட்டேன். 9,000-லிருந்து 10,000 பவுண்டு உச்ச எடையுள்ள 30 அடி ட்ரெய்லர் உங்கள் ட்ரக்குக்குப் பொருத்தமான ஜோடி. பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில் உள்ளவை இந்த அளவில் நிறையக் கிடைக்கின்றன. 'அரை டன் ட்ரக்கே இழுக்கும்' என்று விற்கும் சின்ன ஃபிஃப்த் வீல்களும் உண்டு, உச்ச எடை 10,000-ஐ ஒட்டி. அதிலும் கிங்பின் பாரம் 2,000-ஐத் தொடும். உங்கள் 1,360-க்கு அதுவும் அதிகம்.

இல்லை, இந்த 38 அடிதான் வேண்டும் என்றால் ட்ரக்கை மாற்றியாக வேண்டும். ஒரு டன் ட்ரக், அதாவது ரேம் 3500 அல்லது ஃபோர்டு எஃப்-350, ஒற்றைச் சக்கரத்தில் வாங்கினால் டீசலோடு சுமார் 4,000 பவுண்டு பேலோடு கிடைக்கும். வண்டிக்கு வண்டி மாறும், கதவைப் பாருங்கள். உங்களுக்குத் தேவை 3,520-உம் 820-உம் சேர்ந்து 4,340. கொஞ்சம் இடிக்கிறது. 13,000 பவுண்டு உச்ச எடையுள்ள ட்ரெய்லராக இருந்தால் ஒற்றைச் சக்கரமே போதும் என்பேன். 16,000-க்கு டூயலிதான். மொத்த வரம்பு 14,000, பேலோடு 5,500-க்கு அந்தப்பக்கம். ஒரு எச்சரிக்கை: 10,000-க்கு மேல் வரம்புள்ள வண்டிகளுக்கு அந்த மஞ்சள் பட்டை ஸ்டிக்கர் கட்டாயமில்லை. அது இல்லாவிட்டால் டேங்க் நிறைத்துக் காலி ட்ரக்கை எடை போட்டு, கதவில் உள்ள மொத்த வரம்பிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

டூயலியோடு வாழ்வது வேறு கதை. ஆறு டயர். வங்கி டிரைவ்-த்ரூவுக்குள் போக முடியாது, பாதி கார் வாஷ்களில் சேர்க்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பியர்லாந்து மீனாட்சி கோயிலுக்கு அதை ஓட்டிக்கொண்டு போனால் தரிசனத்தைவிட இடம் கிடைப்பதற்குத்தான் அதிகம் வேண்டிக்கொள்ள வேண்டியிருக்கும். தினமும் ஆபீசுக்கு அதிலேயே போகப்போகிறீர்கள் என்றால் ஒருமுறை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள்.

லைசென்ஸ் விஷயமும் இதில் மாட்டிக்கொள்கிறது. டெக்சஸில் ட்ரக் வரம்பும் ட்ரெய்லர் வரம்பும் சேர்ந்து 26,000-ஐத் தாண்டினால், ட்ரெய்லர் 10,000-க்கு மேல் என்றால், சொந்த உபயோகத்துக்கும் வணிகம் சாராத கிளாஸ் ஏ லைசென்ஸ் வேண்டும். உங்கள் இப்போதைய ட்ரக் 10,000, ட்ரெய்லர் 16,000. கூட்டினால் சரியாக 26,000, ஒரு பவுண்டுகூடத் தாண்டவில்லை. டூயலிக்குப் போனால் 30,000 ஆகிவிடும், ஓட்டிக் காட்டித் தேர்வு எழுத வேண்டும். சுமக்க முடியாத ட்ரக்குக்குப் பழைய லைசென்ஸ் போதும், சுமக்கும் ட்ரக்குக்குப் புது லைசென்ஸ் வேண்டும் என்பது வேடிக்கைதான். கலிபோர்னியாவில் கணக்கு வேறு, அங்கே ஃபிஃப்த் வீல் 15,000-ஐத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள்.

பெட் நீளமும் கொஞ்சம். எந்த ட்ரக் வாங்கினாலும் ஃபிஃப்த் வீலுக்கென்றால் எட்டடி பெட் வாங்குங்கள். குட்டை பெட்டில் இறுக்கமாகத் திரும்பினால் ட்ரெய்லரின் மூக்கு முன் கேபினின் பின்கண்ணாடியில் வந்து இடிக்கும். நகரும் ஹிட்ச் போட்டுச் சமாளிக்கலாம், ஆனால் அதன் எடையும் உங்கள் பேலோடில்தான். பெட்டின் பக்கச் சுவருக்கும் ட்ரெய்லரின் அடிவயிற்றுக்கும் நடுவே ஆறு அங்குல இடைவெளியாவது இருக்கட்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் பங்க் மேட்டில் ஏறும்போது சுவர் நசுங்கும்.

மாட்டும்போது ஒன்று மட்டும். கிங்பின் ஹிட்சின் தாடைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளாமல் அதன் மேலேயே உட்கார்ந்துவிடுவது உண்டு. பார்ப்பதற்கு மாட்டியதுபோலவே இருக்கும். கிளம்பிய பத்தாவது அடியில் ட்ரெய்லரின் மூக்கு பெட் சுவர்மேல் விழும். அதனால் ட்ரெய்லர் கால்களைத் தரையைவிட்டு ஓர் அங்குலம் மட்டும் தூக்கி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ட்ரெய்லர் பிரேக்கைக் கையால் அழுத்திக்கொண்டு ட்ரக்கை மெல்ல முன்னால் இழுத்துப் பாருங்கள். பூட்டியிருந்தால் ட்ரக் நகராது. டார்ச் அடித்துத் தாடையையும் ஒருமுறை பாருங்கள். நான் இன்றும் இரண்டு முறை பார்க்கிறேன்.

விற்பவரிடம் முன்பணம் கொடுக்கும் முன் இந்த வார இறுதியில் ஒரு வேலை செய்யுங்கள். டேங்க் நிறைய டீசல் போட்டு, மனைவி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, பயணத்துக்கு எடுத்துப்போகும் பைகளையும் போட்டுக்கொண்டு, பக்கத்து ட்ரக் ஸ்டாப் எடைமேடையில் ஏறி இறங்குங்கள். பதினைந்து டாலர் அளவில் ஆகும். அந்தச் சீட்டில் உள்ள இரண்டு எண்களையும், கதவில் உள்ள மொத்த வரம்பையும் பின் அச்சு வரம்பையும் எழுதி அனுப்புங்கள். எந்த ட்ரெய்லர் சரிப்படும் என்று பவுண்டுக் கணக்கில் சொல்கிறேன்.